காரின் பின் சீட் குஷனைக் கழற்றி மாட்டுவது: முழுமையான வழிகாட்டி

பின் சீட்டில் நாம் உட்காரும் பகுதி, அதாவது கீழ்க் குஷன், பெரும்பாலான கார்களில் பத்து நிமிடத்தில் கையோடு வந்துவிடும். அதே வேலையில் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி, கடைசியில் கம்பியை வளைத்து, கிளிப்பை உடைத்து வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் பலத்தில் வித்தியாசம் இல்லை. குஷன் எங்கே பிடித்துக்கொண்டிருக்கிறது என்று முதல் ஆள் பார்த்துவிட்டுத் தூக்கினார். இரண்டாவது ஆள் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்புறம் தேடினார்.

இன்னொரு விஷயம், கழற்றுவது பாதி வேலைதான். திரும்ப மாட்டும்போது சீட் பெல்ட் பக்கிள் ஒன்று குஷனுக்கு அடியில் சிக்கிவிட்டால், அந்த இடத்தில் உட்காருகிறவருக்கு பெல்ட் இல்லை என்று அர்த்தம். அதனால் மாட்டும் பகுதியையும் தவறாமல் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

1. எந்த வகைப் பிடிப்பு என்று கண்டுபிடியுங்கள்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் பின் கதவைத் திறந்து, டார்ச் அடித்து, குஷனின் முன் விளிம்பைப் பாருங்கள். முன் விளிம்பு என்பது, உட்கார்ந்தால் முழங்காலுக்குப் பின்னால் வருகிற பக்கம். கார்பெட்டும் குஷனும் சந்திக்கிற அந்தக் கோட்டில்தான் பெரும்பாலும் விடை இருக்கும்.

ஒரே நீளமான பெஞ்சாக இருக்கும் சீட்டுகளில் கிளிப் வகைதான் அதிகம். குஷனுக்குள் கனமான கம்பியால் செய்த சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் முன்பக்கத்தில், பொதுவாக இரண்டு இடங்களில், கம்பி கீழ்நோக்கி வளைந்து வளையம் போல நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு நேராகத் தரைத் தகட்டின் ஓட்டையில் ஒரு பிளாஸ்டிக் கிளிப் உட்கார்ந்திருக்கும். வளையம் அந்தக் கிளிப்புக்குள் அமுங்கி நிற்கிறது, அவ்வளவுதான். வெளியே போல்ட், திருகு எதுவும் தெரியாது.

அடுத்தது போல்ட் வகை. முன் விளிம்பின் நடுவிலோ இரு ஓரங்களிலோ போல்ட் இருக்கும். சின்ன பிளாஸ்டிக் மூடி அதை மறைத்திருக்கலாம், அல்லது கார்பெட்டின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கலாம். சில கார்களில் போல்ட் முன்னால் இருக்காது. குஷனும் முதுகுச் சாய்வும் சேருகிற இடுக்கில் இருக்கும். அங்கே கையை விட்டுத் தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாவது, நாக்கு வைத்த வகை. முன் விளிம்புக்கு அடியில் இரண்டு இடங்களில் விரல் நுழைகிற மாதிரி ஒரு சின்ன நாக்கோ பட்டனோ இருக்கும். அதை இழுத்துப் பிடித்தபடியோ அமுக்கியபடியோ தூக்கினால் விடுபடும். இதைக் கவனிக்காமல் கிளிப் வகை என்று நினைத்து இழுப்பவர்கள்தான் அதிகம் உடைக்கிறார்கள்.

கடைசியாகக் கீல் வகை. 60:40 எனப் பிரிந்து, குஷன் முன்னால் புரண்டு நிற்கிற சீட்டுகள் இவை. பின் ஓரத்தில் இருக்கும் நாடாவை இழுத்தால் குஷன் எழுந்து முன் சீட்டின் முதுகுப் பக்கம் நிற்கும். அடியில் பெருக்கித் துடைக்கவோ, விழுந்த பொருளை எடுக்கவோ மட்டும் என்றால் இதைக் கழற்றவே வேண்டாம், புரட்டினால் போதும்.

ஒரே பெயரில் வரும் காராக இருந்தாலும் தலைமுறைக்குத் தலைமுறை பிடிப்பு மாறும். யாரோ தங்கள் காரில் செய்து காட்டியதை அப்படியே நம்பி இழுக்காதீர்கள். உங்கள் மாடலுக்கும் தயாரிப்பு ஆண்டுக்கும் உரிய சர்வீஸ் மேனுவல் கிடைத்தால் அதுதான் முதல் சாட்சி. கிடைக்காவிட்டால் உங்கள் விரல்களே போதும். விளிம்புக்கு அடியில் நான்கு விரல்களை நுழைத்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை லேசாகத் தூக்கிக்கொண்டே நகருங்கள். பிடிப்பு இல்லாத இடத்தில் விளிம்பு மெத்தென்று எழும். பிடித்திருக்கும் இடத்தில் அசையாமல் இறுகி நிற்கும். அந்த இடங்களில் ஒட்டுத்தாள் துண்டு ஒட்டி அடையாளம் வையுங்கள்.

2. எடுத்து வைக்க வேண்டியவை

நல்ல தடிமனான கையுறை. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தரைத் தகட்டின் வெட்டு விளிம்புகளும், குஷனின் அடிப்பக்கத்தில் உறையைப் பிடித்திருக்கும் உலோக வளையங்களும் தோலைக் கீறிவிடும். கிளிப் திடீரென்று விடும்போது கை அந்த விளிம்பில்தான் போய் இடிக்கும்.

போல்ட் வகை என்றால் 10, 12, 14 மி.மீ. சாக்கெட்டுகளும், ராட்செட்டும், ஒரு நீட்டிப்புக் கம்பியும் வேண்டும். போல்ட் ஆழத்தில் இருந்தால் நீட்டிப்புக் கம்பி இல்லாமல் சாக்கெட் நேராக உட்காராது. சாய்வாகத் திருகினால் போல்ட்டின் தலை வழுக்கித் தேய்ந்துவிடும்.

பிளாஸ்டிக் நெம்புகோல் ஒன்று இருந்தால் நல்லது. ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். அது உறையில் ஓட்டை போடும், கிளிப்பின் காதையும் உடைக்கும். இவற்றோடு டார்ச், போல்ட் போட்டு வைக்க மூடியுள்ள டப்பா, கழற்றிய குஷனை வைக்க விரிப்பு, படம் எடுக்க போன். மாற்றுக் கிளிப்புகள் இரண்டு முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டால் மனசு நிம்மதியாக இருக்கும். பழைய காரில் வெயிலும் குளிரும் பட்டு பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகியிருக்கும். எவ்வளவு கவனமாக இழுத்தாலும் உடைவதற்கு வாய்ப்பு உண்டு.

3. காரைத் தயார் செய்யுங்கள்

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை அணைத்து வெளியே எடுங்கள். சாவி இல்லாமல் பட்டனில் ஓடும் கார் என்றால் முழுவதும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். முன் சீட் இரண்டையும் முடிந்தவரை முன்னால் தள்ளுங்கள். குஷன் வெளியே வர அந்த இடைவெளி தேவை.

அடுத்து, அடியில் மின்சாரம் ஏதாவது இருக்கிறதா என்று யோசியுங்கள். சீட் சூடேற்றி உள்ள கார், பின் சீட்டுக்கும் பெல்ட் நினைவூட்டல் வரும் கார் என்றால், குஷனுக்குள்ளிருந்து ஒரு வயர் தரைக்குப் போகலாம். மஞ்சள் நிறத்தில் கனெக்டரோ வயர் உறையோ தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அதைக் கழற்றத்தான் வேண்டும் என்றால், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, உங்கள் மேனுவல் சொல்லும் நிமிடங்கள் காத்திருந்து, அப்புறம்தான் தொட வேண்டும். ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர், பேட்டரி போன பிறகும் கொஞ்ச நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். அதற்காகத்தான் இந்தக் காத்திருப்பு.

வயரே இல்லாத சாதாரண குஷனுக்கு பேட்டரியைக் கழற்ற வேண்டியதில்லை. கழற்றினால் கடிகாரம், ரேடியோ, ஜன்னல் செட்டிங் என்று வேறு வேலைதான் கூடும்.

ஹைபிரிட், மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பல ஹைபிரிட்களில் உயர் மின்னழுத்த பேட்டரியோ, அதைக் குளிர்விக்கும் காற்றுப் பாதையோ பின் சீட்டை ஒட்டித்தான் இருக்கிறது. ஆரஞ்சு நிறக் கேபிள் எங்கே தெரிந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் இந்த வழிகாட்டி செல்லாது, பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விடுங்கள்.

சில கார்களில் சாதாரண 12 வோல்ட் பேட்டரியே பின் சீட்டுக்கு அடியில் இருக்கும். பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் இதற்கு நல்ல உதாரணம். அப்படி இருந்தால் பேட்டரி முனைகளின் மேல் மூடி இருக்கிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள். குஷனின் ஸ்பிரிங் கம்பி இரண்டு முனைகளையும் தொட்டால் ஷார்ட் ஆகி, சீட்டே தீப்பிடிக்கும்.

4. பக்கிள்களைப் படம் எடுத்துவிட்டு விடுவியுங்கள்

பெல்ட்டின் உலோக நாக்கு போய் மாட்டுகிற பெட்டியைத்தான் பக்கிள் என்கிறேன். இவை தரையில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டு, குஷனின் பிளவு வழியாகவோ, குஷனுக்கும் முதுகுச் சாய்வுக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாகவோ மேலே வருகின்றன. குஷனைத் தூக்கும்போது இவை கீழேயே இருக்கும். அதனால் குஷன்தான் இவற்றை விட்டு வழுக்கி மேலே வர வேண்டும்.

முதலில் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். எந்த பக்கிள் எந்தப் பிளவில் வருகிறது, நடு இருக்கையின் பக்கிள் எந்தப் பக்கம் என்பது அதில் தெளிவாகத் தெரிய வேண்டும். நடு பக்கிளும் பக்கத்து இருக்கையின் பக்கிளும் ஜோடியாக ஒட்டி நிற்கும் காரில் இரண்டும் இடம் மாறிவிடுவது சாதாரணமாக நடக்கும். மாறினால் நடு பெல்ட் ஓரத்து பக்கிளில் மாட்டாது, அல்லது பெல்ட் முறுக்கிக்கொண்டு போகும்.

பிறகு ஒவ்வொரு பக்கிளையும் அதன் குழியிலிருந்து நிமிர்த்தி, பிளவின் வழியே கீழே தள்ளிப் பாருங்கள். எலாஸ்டிக் பட்டை பிடித்திருந்தால் கழற்றிவிடுங்கள். சுலபமாகப் போகவில்லையா, இப்போதைக்கு விட்டுவிடலாம். முன் விளிம்பு எழுந்த பிறகு கை நுழைய இடம் கிடைக்கும், அப்போது தள்ளலாம். பக்கிளைத் தரையில் பிடித்திருக்கும் பெரிய போல்ட்டை மட்டும் தொடாதீர்கள். விபத்தின்போது மனித உடலின் மொத்த இழுவையையும் தாங்குகிற போல்ட் அது. குஷனைக் கழற்ற அதைத் தளர்த்தத் தேவையே இல்லை.

5. கிளிப் வகை: முன் விளிம்பைத் தூக்குவது

புதியவர்கள் பெஞ்சின் நடுவில் நின்று, இரண்டு கைகளையும் அகல விரித்து, முழு பலத்தோடு மேலே இழுப்பார்கள். இழுவை இரண்டு கிளிப்பிலும் பாதிப் பாதியாகப் போய் ஒன்றும் நடக்காது. இன்னும் பலமாக இழுத்தால் கிளிப் விடுவதற்கு முன்னால் உறை கிழியும், இல்லாவிட்டால் கம்பிச் சட்டம் வளையும். ஒரு நண்பர் இப்படி இழுத்ததில் உறையை ஃபோமோடு கட்டியிருந்த வளையங்கள் வரிசையாகப் பிய்ந்தன. கிளிப் இரண்டும் அப்போதும் அசையாமல் இருந்தன.

ஒரு கிளிப்பை முதலில் விடுவியுங்கள், அடுத்ததை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அடையாளம் வைத்த இடத்துக்கு நேராகக் கதவோரத்தில் மண்டியிடுங்கள். கிளிப்புக்கு இருபுறமும் ஒவ்வொரு கையாக, குஷனின் அடியில் ஆழமாக விடுங்கள். விரல்களுக்குத் துணியோ ஃபோமோ தட்டுப்பட்டால் போதாது, உள்ளே இருக்கும் கம்பியே தட்டுப்பட வேண்டும். கம்பியைப் பிடித்துத் தூக்கினால் பலம் நேராகக் கிளிப்புக்குப் போகும், உறைக்கு ஆபத்தில்லை.

இப்போது நேர் மேலாக ஒரே சீரான விசையோடு தூக்குங்கள். உங்கள் பக்கமாக இழுக்காதீர்கள். முன்னோக்கி இழுத்தால் வளையம் கிளிப்பின் சுவரில் போய் முட்டி நிற்கும். இறுக்கம் கூடிக்கொண்டே போய், டப் என்று ஒரு சத்தத்தோடு விடும். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஏதோ உடைந்துவிட்டது என்று முதல் தடவை எல்லோரும் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் வளையம் கிளிப்பை விட்டு வெளியே வந்த சத்தம்தான் அது.

எழுந்த பக்கத்தைத் திரும்ப அமுங்கவிடாமல் ஒரு மரத்துண்டோ சுருட்டிய துணியோ செருகிவிட்டு மறுபக்கம் போங்கள். அங்கேயும் அதே முறைதான்.

தூக்கியும் அசையவில்லை என்றால் இன்னும் பலம் போடாதீர்கள். நாக்கோ போல்ட்டோ எங்காவது மறைந்திருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். இல்லையென்றால் உங்கள் காரில் கிளிப்புக்குப் பதிலாகக் கொக்கி இருக்கலாம். சில கார்களில் குஷனின் முன் கம்பி தரையில் உள்ள கொக்கிக்குள் நுழைந்து நிற்கும். அவற்றில் குஷனின் முன் விளிம்பை முழங்காலால் பின்னோக்கி, அதாவது டிக்கிப் பக்கமாக, அழுத்தித் தள்ளியபடியே தூக்க வேண்டும். பின்னோக்கித் தள்ளும்போது கம்பி கொக்கியை விட்டு விலகும், அந்த நொடியில் தூக்கினால் வந்துவிடும். பலத்தால் முடியாத குஷன் இப்படிச் சட்டென்று எழும்.

குளிரான நேரத்தில் வேலை செய்கிறீர்கள் என்றால், காரின் ஹீட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு உள்ளே வெதுவெதுப்பான பிறகு அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். குளிர்ந்த பிளாஸ்டிக் வளையாது, உடையும்.

6. போல்ட், நாக்கு, கீல் வகைகள்

போல்ட் என்றால் மூடியைப் பிளாஸ்டிக் நெம்புகோலால் எடுத்துவிட்டு, சாக்கெட்டை முழுவதும் உட்காரவைத்து, இடப்பக்கமாகத் திருப்புங்கள். முதல் அரைச் சுற்று மட்டும் ராட்செட்டால், மீதியைக் கையால். தரைக்கு அருகில் ஈரம் பட்டுத் துரு பிடித்த போல்ட் என்றால் துரு நீக்கும் எண்ணெயைத் துணியில் நனைத்துத் தடவி, கொஞ்ச நேரம் விட்டுத் திருப்புங்கள். நேராக ஸ்ப்ரே அடித்தால் கார்பெட்டில் எண்ணெய் இறங்கி மாதக்கணக்கில் நாறும். கழற்றிய போல்ட்டை அதன் வாஷரோடு சேர்த்தே டப்பாவில் போடுங்கள்.

போல்ட் வந்த பிறகும் குஷனின் பின்பக்கம் கொக்கியில் மாட்டியிருக்கும். அதற்கு அடுத்த பகுதி.

நாக்கு வகையில் ஒரு கையால் நாக்கை முழுவதும் இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் தூக்குங்கள். பாதி இழுத்துவிட்டுத் தூக்கினால் பிளாஸ்டிக் பல் மழுங்கிவிடும். அப்புறம் அந்தக் குஷன் சரியாகவே பிடிக்காது.

கீல் வகையை முழுவதும் கழற்ற வேண்டுமானால் குஷனை முன்னால் புரட்டி நிறுத்தி, கீலின் அடியில் உள்ள போல்ட்டுகளைக் கழற்றுங்கள். கடைசி போல்ட் வரும்போது குஷனை ஒருவர் பிடித்திருக்க வேண்டும். உள்ளே உலோகச் சட்டம் இருப்பதால் இவை கனமானவை.

7. பின்பக்கத்தை விடுவித்து வெளியே எடுப்பது

முன் விளிம்பு எழுந்ததும் அப்படியே தூக்கி வெளியே வீசிவிடலாம் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். குஷனின் பின் ஓரத்தில் கம்பியோ உலோக நாக்கோ முதுகுச் சாய்வுக்கு அடியில் நுழைந்திருக்கும். முன்பக்கத்தைத் தொடை உயரத்துக்கு மேல் தூக்கினால் அந்தப் பின் கம்பி நெம்புகோல் போல வேலை செய்து வளையும்.

முன் விளிம்பை ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் தூக்கி, டார்ச் அடித்து அடியில் பாருங்கள். வயர் ஏதாவது இழுபடுகிறதா? இருந்தால் கனெக்டரின் பூட்டை அமுக்கி, பிளாஸ்டிக் பகுதியைப் பிடித்துக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே ஊசி பிய்ந்துவிடும்.

வயர் இல்லை என்று உறுதியானதும், மீதி பக்கிள்களைப் பிளவின் வழியே கீழே தள்ளிவிடுங்கள். பிறகு குஷன் முழுவதையும் தரைக்கு இணையாக வைத்து முன் சீட்டுப் பக்கமாக இழுங்கள். பின் கம்பி அதன் இடத்தை விட்டு வழுக்கி வெளியே வரும். வர மறுத்தால் முதுகுச் சாய்வை அதன் பூட்டிலிருந்து விடுவித்து லேசாக முன்னால் சாயுங்கள். அதன் எடையும் இறுக்கமும்தான் பெரும்பாலும் குஷனைப் பிடித்து வைத்திருக்கும். இரு ஓரங்களிலும் தனித்தனியாகச் சின்ன பக்கவாட்டு மெத்தை உள்ள கார்களில் அவையும் அழுத்திக்கொண்டு நிற்கலாம்.

வெளியே எடுக்க இரண்டு பேர் இருந்தால் நல்லது. பெஞ்சின் ஒரு முனையை உயர்த்திச் சாய்வாக்கி, ஒரு கதவு வழியாக நீளவாக்கில் எடுங்கள். அடிப்பக்கக் கம்பிகள் கதவுப் பிளாஸ்டிக்கையும் பெயின்ட்டையும் கீறும் என்பதால் கதவின் கீழ்ச் சட்டத்தில் பழைய துணி ஒன்றைப் போட்டு வையுங்கள். கீழே வைக்கும்போது உட்காரும் பக்கம் மேலே இருக்கட்டும், இல்லையென்றால் சுவரில் சாய்த்து வையுங்கள்.

8. குஷன் வெளியே இருக்கும்போது

முதலில் கிளிப்புகளைத் தேடுங்கள். தரை ஓட்டையில் இரண்டும் அப்படியே இருந்தால் நல்லது. பல நேரம் கிளிப் ஓட்டையை விட்டுக் கிளம்பி, குஷனின் கம்பி வளையத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அதைக் கம்பியிலிருந்து எடுத்து, வெளிச்சத்தில் பாருங்கள். ஓட்டையின் விளிம்பைப் பிடிக்கிற சின்னக் காதுகள் இரண்டு பக்கமும் முழுசாக இருக்கின்றனவா? நடுவில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தால் அங்கே பிளாஸ்டிக் மடிந்து பலவீனமாகிவிட்டது. மாற்றிவிடுங்கள்.

அடியில் ஒரு வட்ட மூடியோ சதுர மூடியோ தெரியலாம். பல பெட்ரோல் கார்களில் ஃப்யூல் பம்பை எட்டுவதற்கான வழி அது. பெட்ரோல் வாடை அடித்தால் கதவுகளை எல்லாம் திறந்துவிட்டு, சுவிட்ச், தீ, வேக்யூம் எதையும் அருகில் கொண்டுவராமல், கசிவை முதலில் சரிபார்க்கச் சொல்லுங்கள். சுத்தம் அப்புறம்.

ஈரத்துக்காகக் கழற்றியிருந்தால் கார்பெட்டைக் கையால் அமுக்கிப் பாருங்கள். மேலே காய்ந்தது போல இருக்கும், அடியில் உள்ள தடித்த பஞ்சு விரிப்பு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். குஷனின் ஃபோமும் அப்படித்தான். உறிஞ்சி எடுக்கும் வேக்யூமால் இழுத்துவிட்டு, காற்றாடிக்கு முன்னால் நிறுத்திக் காயவையுங்கள். உள்ளங்கையை அழுத்தி எடுத்தால் குளிர்ச்சி தெரியாத வரைக்கும் திரும்ப மாட்டாதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதையும் இப்போதே பார்க்க வேண்டும். கதவு ரப்பர், தரையில் உள்ள ரப்பர் அடைப்பு, மேற்கூரை ஜன்னல் இருந்தால் அதன் வடிகால் குழாய், இவைதான் முதலில் சந்தேகப்பட வேண்டியவை.

9. திரும்ப மாட்டுவது

கழற்றிய வரிசைக்கு நேர் எதிர் வரிசைதான், ஆனால் மூன்று இடங்களில் தனிக் கவனம் வேண்டும்.

முதலாவது, கிளிப் தரையில் இருக்க வேண்டும், கம்பியில் அல்ல. கம்பியில் ஒட்டியபடியே அமுக்கினால் கிளிப்பின் காதுகள் ஓட்டைக்குள் நேராகப் போகாமல் மடிந்துவிடும். குஷன் உட்கார்ந்தது போலத் தெரியும், ஆனால் பிடிப்பு இருக்காது. அவசரத்தில் ஒருமுறை நானும் இப்படிச் செய்தேன். பிரேக் அடித்த இடத்தில் குஷன் முன்னால் எழுந்துவிட்டது. பின்னால் யாரும் இல்லாத நேரம் அது. பின் சீட்டில் ஆள் இருக்கும்போது குஷன் நழுவினால், இடுப்பு பெல்ட் வயிற்றுப் பக்கமாக மேலேறிவிடும். அதனால் கிளிப்பை முதலில் தரை ஓட்டையில் அமுக்கி, விரலால் இழுத்துப் பார்த்த பிறகே குஷனைக் கொண்டுவருகிறேன்.

இரண்டாவது, பின் கம்பி. குஷனைச் சாய்வாக உள்ளே கொண்டுவந்து, பின் ஓரத்தை முதுகுச் சாய்வுக்கு அடியில் நுழைத்து, முழங்காலால் டிக்கிப் பக்கம் நன்றாகத் தள்ளுங்கள். பின்பக்கம் முழுவதும் போகாமல் இருந்தால் முன் வளையம் கிளிப்புக்கு நேராக வராது, ஒரு விரல் அளவு முன்னால் நிற்கும். முன்பக்கம் பொருந்த மறுத்தால் குறை பெரும்பாலும் பின்னால்தான்.

மூன்றாவது, பக்கிள்கள். குஷன் பின்னால் உட்காரும் முன்பே, எடுத்த படத்தைப் பார்த்து ஒவ்வொரு பக்கிளையும் அதற்குரிய பிளவின் வழியே மேலே இழுத்துவிடுங்கள். ஒருவர் குஷனைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் மேலிருந்து கையை விட்டு பக்கிளை இழுப்பது சுலபம். தனியாகச் செய்தால் பக்கிளின் கழுத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, கயிற்றைப் பிளவின் வழியே முதலில் மேலே விட்டுவிடுங்கள். பிறகு கயிற்றை இழுத்தால் பக்கிள் தானாக வரும். மூன்று இருக்கை என்றால் மூன்று பக்கிள் மேலே தெரிய வேண்டும். எண்ணுங்கள்.

வயரைக் கழற்றியிருந்தால் கனெக்டரை இப்போதே மாட்டி, பூட்டு விழும் சத்தம் கேட்டதா என்று கவனியுங்கள். வயர் கம்பிக்கு அடியில் நசுங்காமல் ஒதுங்கி இருக்கட்டும்.

இனி முன் விளிம்பு. கிளிப்புக்கு நேர் மேலே உள்ளங்கையை வைத்து, உடல் எடையோடு ஒரே அழுத்தாக அழுத்துங்கள். டக் என்று விழும். முதலில் ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம். போல்ட் வகை என்றால் எல்லா போல்ட்டுகளையும் கையால் நான்கைந்து சுற்று ஏற்றிய பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள். கையால் ஏறாத போல்ட் மரை மாறி ஏறுகிறது என்று பொருள். அதை ஸ்பேனரால் கட்டாயப்படுத்தினால் தரையில் பற்றவைத்திருக்கும் நட்டின் மரை போய்விடும், அதைச் சரிசெய்வது பெரிய வேலை. இறுக்கும் அளவுக்கு மேனுவலில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

10. ஓட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை

முன் விளிம்பைக் கழற்றும்போது தூக்கியதில் பாதி விசையோடு ஒவ்வொரு கிளிப்புக்கு அருகிலும் தூக்கிப் பாருங்கள். அசையக் கூடாது. பிறகு பெஞ்சின் மேல் இடம், நடு, வலம் என்று உட்கார்ந்து, உடம்பை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கடகட என்று சத்தம் வந்தால் ஏதோ ஒரு வளையம் கிளிப்புக்கு வெளியே நிற்கிறது.

ஒவ்வொரு பெல்ட்டையும் இழுத்து மாட்டி, கிளிக் கேட்டதும் பலமாக இழுத்து, பிறகு பட்டனை அமுக்கி விடுவித்துப் பாருங்கள். பக்கிள் பாதி அளவுக்குக் குஷனுக்குள் அமுங்கிப் போயிருந்தால், பெரியவர்கள் எப்படியோ மாட்டிவிடுவார்கள், சின்னக் குழந்தையின் கைக்கு எட்டாது. அப்படி இருந்தால் குஷனைத் தூக்கி மறுபடி செய்யுங்கள்.

குழந்தை இருக்கை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கம்பிகளும் இதே இடுக்கில்தான் இருக்கின்றன. 6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு கம்பிகள், நடுவிலிருந்து நடுவுக்கு 280 மி.மீ. இடைவெளி. குஷன் சற்று விலகி உட்கார்ந்தாலும் ஃபோம் அவற்றை மூடிவிடும். விரலை விட்டு இரண்டும் தட்டுப்படுகின்றனவா என்று பாருங்கள். குழந்தை இருக்கை இருந்தால் ஒருமுறை மாட்டி, அதன் இரண்டு அடையாளங்களும் பச்சைக்கு மாறுகின்றனவா என்றும் பாருங்கள்.

பேட்டரியைக் கழற்றியிருந்தால், எல்லா கனெக்டரும் மாட்டிய பிறகே நெகட்டிவ் முனையைப் போட வேண்டும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணையும். அணையாமல் நின்றால் சாவியை அணைத்து, பேட்டரியை மறுபடி கழற்றி, அதே நிமிடங்கள் காத்திருந்து, கனெக்டர் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் எரிந்தால் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் காட்டி, கோளாறு எண்ணைப் படித்து, காரணத்தைச் சரிசெய்துவிட்டு அழிக்கச் சொல்லுங்கள். அதுவரை பின் சீட்டில் யாரையும் உட்காரவைக்காதீர்கள்.